அழுகின முட்டை வாடை

— மறுபடியும் மோந்து பாக்குற, ராய்ஸ்.

— இல்லையே லவான். மூச்சு விட்டேன்.

— மூச்சு விடுறவன் மூக்கை அடுப்புப் பக்கமா திருப்பி வெச்சுக்கிட்டா விடுவான்? கல்யாணமான நாள்லேர்ந்து பாக்குறேன் இந்த மூக்கை. முயல் மூக்கு மாதிரி துடிக்குது.

— சும்மா ஒண்ணு கேக்கலாமா?

— அடுப்பு, டியூப்பு, பிரேக்கு, பாம்பு, மின்னல், இது எதுவும் இல்லேன்னா கேளு.

— அப்ப வேணாம்.

— அதானே பாத்தேன்.

— சரி, வேற ஒண்ணு கேக்குறேன். ஊத்துத் தண்ணி கேனுக்கெல்லாம் மூடி இறுக்கிப் போட்டாச்சா?

— ஆரம்பிச்சாச்சு!

— சும்மாதான் கேட்டேன். கேனைப் பத்திக் கேக்கக் கூடாதுன்னு நம்ம ஒப்பந்தத்துல இல்லையே.

— மூடி போட்டாச்சு. டார்லீன் அவ பிக்கப் வண்டியில ஏத்திக்கிட்டா. உங்க டிரெய்லர் வீட்டுக்குள்ளயும் நானே வெச்சிடறேன் அக்கா, நீ முட்டி வலியோட தூக்காதேன்னு சொல்லிட்டா. கட்டிலுக்கு அடியில இருக்கு, வருஷா வருஷம் இருக்குற இடத்துல. போதுமா?

— அப்ப அந்த வாடைதான் இது.

— எந்த வாடை?

— அழுகின முட்டை வாடை. லேசா வருது.

— லேசாவா? காலைல அந்தக் கல் மண்டபத்துல வரிசையில நிக்கிறப்ப மூக்கைப் பொத்திக்கிட்டுத்தானே நின்னோம்? கந்தக ஊத்துன்னா நாறத்தான் செய்யும். நாறலேன்னா அது வெறும் குழாத் தண்ணி. மேக்கன் ஊர்லேர்ந்து வந்திருந்தாரே ஒரு பெரியவர், எவ்வளவு நாறுதோ அவ்வளவு குணம்னார். மூட்டுவலி ஓடியே போயிடுச்சாம்.

— ரெண்டு கையிலயும் தடி ஊனிக்கிட்டு அதைச் சொன்னார், லவான்.

— உனக்கு எதுலயும் ஒரு குத்தம் கண்டுபிடிக்கணும்.

— நான் குத்தம் சொல்லலை. கேஸ் கம்பெனிக்காரன் சிலிண்டர்ல கலக்குறதும் இதே மாதிரி வாடைதான். கேஸுக்குன்னு சொந்தமா ஒரு வாடையும் கிடையாது. கசிஞ்சா ஜனங்களுக்குத் தெரியட்டும்னு நாத்தத்தைக் கலந்து விடறான். இந்தத் தண்ணியும் அதுவும் அண்ணன் தம்பி மாதிரி. என் மூக்குக்கு எது எதுன்னு பிரிக்கத் தெரியலை.

— அதைத்தான் போன வருஷம் இந்தப் பார்க் மொத்தத்துக்கும் காட்டிட்டியே.

— அதை எடுக்காதே.

— எடுப்பேன். காலங்காத்தால "கேஸ், கேஸ்"னு ஜட்டியோட ஓடினது யாரு? பார்க் ரேஞ்சர் ஹட்சின்ஸ் வந்து இந்த வரிசையில இருந்த அத்தனை பேரையும் எழுப்பி ஏரிக்கரைக்கு விரட்டினார். ஒருத்தி கைக்குழந்தையைப் போர்வையில சுத்திக்கிட்டு நின்னா. தீயணைப்பு வண்டி வேற. கடைசில பாத்தா என்ன? கட்டிலுக்கு அடியில ஒரு கேன் ஓட்டையாகி ஒழுகிக் கிடக்கு.

— எனக்கு எப்படி லவான் தெரியும்?

— இன்னிக்கு கேட்டுல சீட்டு குடுக்குற பொண்ணு கேக்குறா, "முட்டைக்காரர் வந்துட்டாரா, ஏரிக்கரையில நாற்காலி போட்டு வைக்கட்டுமா"ன்னு. நானும் சேந்து சிரிச்சேன். உள்ளுக்குள்ள மானம் போச்சு.

— எனக்கும்தான்.

— அப்புறம் ஏன் மோந்து பாக்குற? ஒப்பந்தம் என்ன, நீயே சொல்லு கேப்போம்.

— இங்கேர்ந்து கிளம்புற வரைக்கும் நான் எதுக்கும் பயப்படக் கூடாது. பயந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தா அடுத்த வருஷத்துலேர்ந்து நீ டார்லீனோட வருவே.

— நீ?

— நான் வீட்ல.

— வீட்ல உக்காந்து அடுப்பைக் காவல் காத்துக்கிட்டு இருப்பே. நான் விளையாட்டுக்குச் சொல்லலை ராய்ஸ்.

— தெரியும். அதான் வாயை மூடிக்கிட்டு இருக்கேன். ஜன்னலை மட்டும் கொஞ்சம் திறக்கலாமா?

— மத்தியானத்துலேர்ந்து ஊத்துற மழை தெரியலையா? மெத்தை ஒரு பக்கம் நனைஞ்சாச்சு. திறக்கக் கூடாது.

— அந்த கேஸ் அலாரமாவது...

— அதை நான் கழட்டி எடுத்தாச்சு.

— என்னது? கழட்டினியா? எப்ப?

— கிளம்பறதுக்கு முன்னாடி. போன வருஷம் கேன் ஒழுகினதுக்கே அது கத்துச்சே. அதுக்கும் உன் மூக்குதான். ரெண்டையும் வெச்சுக்கிட்டு என்னால குப்பை கொட்ட முடியாது.

— லவான், நான் அடுப்புக்குப் புது டியூப் போட்டிருக்கேன்.

— தெரியும். சோப்புத் தண்ணி தடவித் தடவிப் பாத்தே. ஒரு சோப்பு முட்டைகூட விடலை.

— வீட்ல விடலை. வர்ற வழியில அந்த ரயில்வே கேட்டுல வண்டி தூக்கிப் போட்டுச்சே, அப்ப நட்டு ஏதாவது...

— ராய்ஸ்.

— சரி. சரி. சும்மா சொன்னேன்.

— அக்கா! உள்ள இருக்கீங்களா? கதவைத் திறங்க, நனையறேன்!

— வா டார்லீன். கதவைச் சீக்கிரம் சாத்து, சாரல் அடிக்குது.

— சோள மாவு இருக்கா அக்கா? கெளுத்தி மாட்டியிருக்கு. நல்ல பெருசா. ஹச்சூ! மழை விட்டதும் கரி அடுப்புல பொரிச்சுடலாம்னு பாத்தேன்.

— டப்பால இருக்கு, எடுத்துக்கோ. காலைல கேனுக்கெல்லாம் நீ இல்லேன்னா நாங்க திண்டாடியிருப்போம்.

— அது என்ன பெரிய வேலை, வண்டியில ஏத்துறதுதானே. என்ன அத்தான், முகம் ஏன் இப்படி இருக்கு? ஏரிக்கரைக்கு எப்பப் போறோம்?

— உன் கிண்டலை அப்புறம் வெச்சுக்கோ. டார்லீன், ஒரு நிமிஷம் இங்க வந்து நில்லேன். இங்க, அடுப்புகிட்ட. காத்து... காத்து எப்படி இருக்கு?

— காத்தா? என்ன அத்தான் கேக்குறீங்க?

— ஒண்ணுமில்லை. உனக்கு ஏதாவது... தோணுதா?

— ராய்ஸ், அவ வாயைப் பிடுங்காதே. இதுவும் கணக்குல சேரும்.

— அய்யே, எனக்கு மூக்கே இல்லை அத்தான். முந்தாநாள்லேர்ந்து சளி. ரோஜாப்பூவையும் செத்த எலியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சாலும் தெரியாது. மண்டபத்துல எல்லாரும் மூக்கைப் பொத்துறாங்க, நான் மட்டும் மகாராணி மாதிரி நிக்கிறேன்! வரேன் அக்கா, மீன் காத்துக்கிட்டு இருக்கு.

— சளியோட நனையாதே! ... பாரு, அவகிட்ட மானத்தை வாங்கப் பாத்தே.

— நான் வாயே திறக்கலை.

— கண்ணாலயே பேசுற. ராய்ஸ், என்னைப் பாரு. அடுப்பைப் பாக்காதே, என்னைப் பாரு. ஏன் இப்படி இருக்கே?

— தல லேசா சுத்துது லவான்.

— ஒரு பை நிறைய அவிச்ச வேர்க்கடலை தின்னா சுத்தாம என்ன பண்ணும்?

— கர்ட்டிஸ் ஞாபகமாவே இருக்கு.

— தெரியும்.

— அந்த வேட்டைக் குடிசையில என் தம்பிக்கு எந்த வாடையும் வரலை. கணப்பைப் போட்டுட்டுத் தூங்கினான். வாடையே இல்லாத விஷவாயு. எந்திரிக்கலை. தலகாணி கசங்கக்கூட இல்லை. நான்தான் கதவை உடைச்சேன். அன்னிலேர்ந்து எனக்கு வாடை வந்தா பயம். வரலேன்னா அதைவிடப் பயம். நான் என்னதான் பண்ணட்டும்?

— எனக்கு மட்டும் அவன் ஞாபகம் இல்லையா? நானும் அழுதேன் ராய்ஸ். ஆனா அவன் போனப்ப உன்னையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். வெளிய கிளம்பினா பாதி வழியில திரும்பி வந்து அடுப்பைப் பாக்குறோம். நம்ம பொண்ணு ட்ரீனா கல்யாணத்துல நீ என்ன பண்ணினே? பொண்ணு முகத்தைப் பாத்தியா? சர்ச்சுல எந்த மெழுகுவத்தி திரைச்சீலை பக்கத்துல இருக்குன்னு பாத்துக்கிட்டு நின்னே. அவ கவனிச்சா. வீட்டுக்கு வந்து என் மடியில படுத்து அழுதா.

— அதை நீ சொல்லவே இல்லையே.

— சொன்னா அதுக்கும் சேத்துப் பயப்படுவே. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான். இந்த ரெண்டு நாள் எனக்குப் புருஷன் வேணும், காவக்காரன் வேணாம். மழை கொட்டுது, ஏரி தெரியுது, கட்டிலுக்கு அடியில வேணுங்கிற மட்டும் தண்ணி இருக்கு. உக்காந்து என்னோட ஒரு காபி குடி. அவ்வளவுதான்.

— குனிஞ்சு ஒரே ஒரு தடவை கட்டிலுக்கு அடியில பாத்துட்டு வந்துடறேன். கேன் ஒழுகுதான்னு. அப்புறம் செத்தாலும் கேக்க மாட்டேன்.

— குனிஞ்சா ஒப்பந்தம் முடிஞ்சுது.

— லவான்...

— குனிஞ்சு பாக்குறதும் பயம்தான். எனக்காக ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பாக்காம இரு. முடியுமா முடியாதா?

— ...முடியும்.

— நிஜமாவா?

— நிஜமா. திரும்பி உக்காந்துட்டேன், பாரு.

— கண்ணு இன்னும் கட்டில் பக்கம்தான் போகுது. பரவாயில்லை, வா. இப்பத்தான் என் ராய்ஸ் மாதிரி இருக்கே. காபி போடறேன். காலைலேர்ந்து வயித்துல சூடா ஒண்ணும் இறங்கலை. அந்தத் தீப்பெட்டியை எடு.

— இந்தா.

— சே, நமுத்துப் போச்சு. மருந்தெல்லாம் கையோட வருது. இன்னொண்ணு... இதுவும் போச்சு. ஜன்னலோரத்துல வெச்சது யாரு?

— நான்தான். அடுப்புகிட்ட வைக்க வேணாம்னு...

— சொல்லாதே, சிரிச்சுடுவேன். டார்லீன்கிட்ட லைட்டர் இருக்கும், வாங்கிட்டு வா. போறப்ப கதவைச் சாத்திட்டுப் போ.

— கதவு திறந்தே இருக்கட்டுமே.

— ராய்ஸ்!

— சாத்திட்டேன், சாத்திட்டேன்! ... டார்லீன்! டார்லீன், டென்டுலயா இருக்கே?

— இங்க இருக்கேன் அத்தான், மீன் கழுவறேன். என்ன வேணும்?

— லைட்டர் இருக்கா? உங்க அக்கா காபி போடணுமாம்.

— என் வண்டியில இருக்கு. பின்னால தார்ப்பாயைத் தூக்குங்க, கரி மூட்டைக்குப் பக்கத்துல கிடக்கும். நல்லா தூக்குங்க, மழைத் தண்ணி தேங்கியிருக்கும்.

— ராய்ஸ்! லைட்டர் வேணாம், வந்துடு! ரொட்டி டப்பாக்குள்ள காஞ்ச தீப்பெட்டி ஒண்ணு கிடைச்சுடுச்சு!

— அத்தான், அக்கா கூப்புடறா. அத்தான்? ஏன் அப்படியே நிக்கிறீங்க?

— ராய்ஸ், கேக்குதா? நான் அடுப்பைப் பத்த வைக்கிறேன், நீ வா!

— லவான்! லவான், ஓடி வா! டார்லீன் விழுந்துட்டா!

— என்னது?

— தலையில அடி! ரத்தமா கொட்டுது! எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு ஓடி வா!

— ஐயோ கடவுளே! டார்லீன்! வரேன் டார்லீன், வந்துட்டேன்! எங்க, எங்க அடி?

— எனக்கா? என்னக்கா ஆச்சு, செருப்புகூட இல்லாம சேத்துல ஓடி வர்ற? நான் எங்க விழுந்தேன்? அத்தான், என்ன இது?

— நீ... நீ விழலையா? நல்லாத்தான் இருக்கியா?

— மீன் கழுவிக்கிட்டு இருக்கேன் அக்கா.

— ராய்ஸ். பொய்யா சொன்னே? என் தங்கச்சி தலையில ரத்தம்னு பொய் சொன்னியா? எனக்கு நெஞ்சே நின்னு போச்சு. பயந்தாங்கொள்ளியா இருந்தே, பொறுத்துக்கிட்டேன். பொய்க்காரனா எப்ப ஆனே?

— கையில என்ன வெச்சிருக்கே?

— பேச்சை மாத்தாதே.

— கையில என்ன லவான்?

— தீக்குச்சி. உரசப் போனேன், நீ கத்தினே.

— உரசலையே? காட்டு. இப்படிக் குடு அதை.

— உரசலை. இந்தா, நீயே வெச்சுக்கோ.

— "பயமா இருக்கு, பத்த வைக்காதே"ன்னு நான் கத்தியிருந்தா வந்திருப்பியா?

— வந்திருக்க மாட்டேன். ஆரம்பிச்சாச்சுன்னு சொல்லிட்டு உரசியிருப்பேன்.

— அது எனக்குத் தெரியும். அதான் உன் தங்கச்சியை விழ வெச்சேன்.

— அப்ப ஒப்பந்தம் முடிஞ்சுது. சொல்லிட்டேன். அடுத்த வருஷம் நீ வீட்ல.

— சரி. நீ டார்லீனோட வா, வருஷா வருஷம் வா. நான் வீட்ல இருக்கேன், சந்தோஷமா இருக்கேன். டார்லீன், தார்ப்பாய்க்கு அடியில வரிசையா நிக்குதே, அது என்னன்னு உங்க அக்காகிட்ட நீயே சொல்லும்மா. நான் சொன்னா நம்ப மாட்டா.

— எது அத்தான், தண்ணி கேனா? அய்யே, சொல்லவே மறந்து போச்சுக்கா! மழை புடிச்சுக்கிச்சுல்ல, உங்க கேன் ஒண்ணைக்கூட நான் இன்னும் இறக்கவே இல்லை.