மூன்றாவது மணி

பெயர் சஃபியா, வயது 31, கணவர் பெயர் நூகு, சாக்கு வியாபாரம், காரைக்கால் பள்ளிவாசல் பின்தெரு. 1957 மார்ச் மாதம் போலீஸ் அதிகாரி என் வீட்டுக்கு வந்து விசாரிக்க, நான் சொல்லும் வாக்குமூலம்.

சாக்குக் கட்டுகளை அடுக்கிவைக்கும் எங்கள் கிட்டங்கி திருமலைராயன்பட்டினத்தில் இருக்கிறது. அது முன்பு என் வாப்பா குடியிருந்த வீடு. சம்பவத்துக்குச் சில நாள் முன்புதான் எங்கள் வீட்டில் டெலிபோன் வைத்தார்கள். மணி அடித்தால் எடுத்துக் காதில் வைக்க வேண்டும் என்று கணவர் காட்டிக்கொடுத்தார். கீழே வைத்தால் பேச்சு அறுந்துவிடும் என்று சொல்லவில்லை.

அன்று பகல் கணவர் கிட்டங்கியைப் பூட்டிச் சாவியோடு நாகப்பட்டினம் போய்விட்டார். அங்கே சுமை தூக்கும் போலகம் ஊர்க் கருப்பையன் உள்ளே சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால் படுத்துத் தூங்கியது அவருக்குத் தெரியாது. அதன்பிறகு மணி அடித்தது. நான் முக்காடு போட்டுக்கொண்டு, சுவரோரம் ஒதுங்கி நின்று கையை மட்டும் நீட்டி எடுத்தேன். அந்நிய ஆண் குரல், வீட்டில் யார் என்று கேட்டது. வாசலில் அந்நியர் வந்து கூப்பிட்டால் நாங்கள் குரல் கொடுப்பதில்லை. உள்ளிருந்து கதவுச் சங்கிலியை இரண்டு தரம் ஆட்டுவோம். ஆண்கள் இல்லை என்று புரிந்துகொண்டு போய்விடுவார்கள். அதேபோல் விரலால் டெலிபோனில் இரண்டு தரம் தட்டிவிட்டுச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். மறுபடி மணி அடித்தது. "ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" என்று அதே குரல் கேட்டது. மறுபடி தட்டிவிட்டு வைத்தேன். வேண்டுமென்றே வைத்ததாக, கிட்டங்கிக்குப் பக்கத்து அரிசி மில் கணக்கர் தியாகராசன் சொல்லியிருப்பது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அது சரியல்ல.

மூன்றாவது முறை எடுத்தவுடனே, "வச்சிராதீங்கம்மா. நான் மில்லுலேருந்து தியாகராசன். பக்கத்துக் கொட்டகை எரிஞ்சு உங்க கிட்டங்கிக் கூரையில பத்திக்கிச்சு. கருப்பையன் உள்ள கத்துறான். இரும்புக் கதவு அசையலை. வேற வழி இருக்கா?" என்றார். என் விரல் மறுபடி தட்டப் போனது. அதை மடக்கிக்கொண்டு, "கிணத்துப் பக்கத்துச் சுவருல முன்னே ஒரு வாசல் இருந்துச்சு. ஒத்தை வரிசைச் செங்கல்லு வச்சு மண்ணால அடைச்சது. அங்க இடிங்க" என்றேன். அவர் காதில் விழவில்லை. "சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றார். தெருவுக்குக் கேட்கும்படி கத்திச் சொன்னேன். அதன்பிறகு டெலிபோனைக் கீழே வைக்கப் பயந்து, ஆளை வெளியே இழுத்துவிட்டார்கள் என்று அவர் திரும்பி வந்து டெலிபோனில் சொல்லும்வரை காதிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் கணவரோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கருப்பையனுக்கு இரண்டு கையும் வெந்திருந்தன. இனிச் சுமை தூக்க முடியாது என்றார்கள். அவர் மனைவி காசியம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "மொத மணிக்கே பேசியிருந்தா இவரு கை தப்பியிருக்குமாங்க?" என்று கேட்டார். கணவர் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் அவரைத் தடுத்து, "தப்பியிருக்கும், காசியம்மா" என்றேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) சஃபியா