பச்சைத் துணியும் கோட்டுக்குக் கீழே நாலு புள்ளியும்

தலைமை தாங்கி நடுநாயகமாய் வீற்றிருக்கும் சதக்கத்துல்லா மரைக்காயர் அவர்களே, நம் கயிற்றை நம்பிக் கடலில் இறங்கும் கரையோரத் தகப்பன்மாரே, கையெல்லாம் காய்ப்பும் வாயெல்லாம் சிரிப்புமாய் அமர்ந்திருக்கும் என் கயிறு சங்கத்துத் தாய்மாரே, பாயில் இடம் கிடைக்காமல் வேலியில் சாய்ந்து நிற்கும் பெருமக்களே, உங்கள் அத்தனை பேருக்கும் சேதுலட்சுமியின் வணக்கம்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். என்னைப் போய் கோடும் புள்ளியும் பற்றிப் பேசச் சொல்லிவிட்டார்கள். மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்திருக்கிறேன். அங்கே யார் சிரிப்பது? மீனம்மாளா? "மைக்கை முழுங்கிறாத அக்கா" என்கிறாள். முழுங்கினாலும் உன் வீட்டுக் குழம்பைவிட ருசியாகத்தான் இருக்கும், உட்கார் தாயே.

குழம்பு என்றதும் நினைவு வருகிறது. நம் கையில் உப்பு தினமும் ஒரே அளவா விழுகிறது? இன்றைக்கு ஒரு கல் கூடும், நாளைக்கு ஒரு கல் குறையும். என் வீட்டுக்காரர் பால்சாமி அதற்கெல்லாம் வாய் திறக்க மாட்டார். ஆனால் என்றாவது தட்டைத் தள்ளி வைத்தாரென்றால் அதற்குக் காரணம் இருக்கும். நான் இரண்டு தடவை உப்புப் போட்டிருப்பேன், இல்லையென்றால் அவர் தங்கச்சியோடு சண்டை போட்டிருப்பேன். கூடுவதும் குறைவதும் இயல்பு. தட்டைத் தள்ளும் நாள்தான் தேடிப் பார்க்க வேண்டிய நாள். பட்டணத்திலிருந்து வந்த நாகநாதன் சார் சொன்ன பாடம் முழுக்க இவ்வளவுதான்.

அந்தப் பால்சாமி இப்போது இல்லை. போன வருடம் ஐப்பசியில், வாடைக்காற்றில், நங்கூரக் கயிறு அறுந்து அவர் போன வத்தைப் படகு கடல் பாறையில் மோதியது. கூடப் போன இரண்டு பேர் கரை வந்தார்கள். அறுந்த கயிற்றின் முனையும் வந்தது. நம் சங்கத்துக் கயிறு. திரித்தவள் அடையாளத்துக்கு முனையில் சேலைத்துணி கட்டுவது நம் வழக்கம் அல்லவா? அதில் பச்சைத் துணி இருந்தது. பச்சை, ரம்ஜான் பீவியின் துணி.

நான் என்ன செய்தேன்? அவள் வாசலில் போய் நின்றேன்.

"ஏ லெச்சுமி, ஒன் புருசன் எனக்கும் அண்ணன்தானடி. நான் ஏனோதானோன்னா திரிச்சேன்?" என்றாள்.

"ஒன் துணி பேசுது. நீ பேசாத" என்றேன்.

கரை முழுக்கச் சொன்னேன். கிணற்றடியில் சொன்னேன், சந்தையில் சொன்னேன். அன்றோடு அவள் கயிறு திரிக்கும் ராட்டைத் தொடவில்லை.

தையில், நம் கயிற்றின் தரம் பார்க்க நாகநாதன் சார் வந்தார். தினமும் ஐந்து துண்டுக் கயிறு எடு, அறுகிற வரைக்கும் எடை தொங்கவிடு, சராசரியைத் தாளில் புள்ளியாக வை என்றார். நாங்கள் வைத்தோம். புள்ளிகள் படை வரிசை மாதிரி நேராக நின்றன. சார் தாடையைச் சொறிந்தார்.

"நல்ல கயிறாப் பொறுக்கி வைக்கிறீங்களாம்மா?"

"பின்னே? வந்த ஆளுக்கு ஓட்டைச் சட்டியிலயா சோறு போடுவோம்?" என்றாள் இந்த மீனம்மாள்.

அவர் அந்தத் தாளைக் கிழித்தார். கண்ணை மூடிக்கொண்டு குவியலில் கைவிட்டு எடுக்கச் சொன்னார். இருபத்தைந்து நாள் கழித்துக் கணக்குப் போட்டு, நடுவே ஒரு கோடு, மேலே ஒன்று, கீழே ஒன்று இழுத்தார். உள்ளே ஆடுகிற புள்ளியைத் திட்டாதே. கோட்டைத் தாண்டிய புள்ளியைத் தப்பவிடாதே என்றார். பங்குனி ஆடியது, சித்திரை ஆடியது, ஆடி வரைக்கும் உள்ளேயே ஆடியது.

ஆவணியில் விழுந்தது. ஒரு புள்ளியா? நாலு நாள், நாலு புள்ளி, நாலும் கீழ்க்கோட்டுக்குக் கீழே. ராட்டு சரி. முறுக்கு சரி. எடைக்கல் சரி. துணிகளைப் பார்த்தேன். சிவப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது, என் நீலமும் இருந்தது. பச்சை இல்லை. பச்சைக்காரி பத்து மாதமாய் வீட்டில் அல்லவா இருக்கிறாள்? பின் எந்தக் கை அறுத்தது?

நாரைப் பிரித்தோம். பதமாக ஊறாமல் தூள் ஒட்டிக் கிடந்தது. தேங்காய் மட்டையை ஊறப் புதைக்கும் குழிகளில் இது எந்தக் குழி மட்டை என்று கேட்டோம். சேதுக்கரை வழியோரத்து நாலு குழி. கார்த்திகையில் புதைத்தது புரட்டாசி வரை ஊற வேண்டும். ஆனால் ஆடி அமாவாசைக்கு முன்னாலேயே தோண்டிவிட்டோம். தர்ப்பணம் கொடுக்க வரும் சனம் மூக்கைப் பொத்தக் கூடாதாம். வருடா வருடம் அப்படித்தான். என் வீட்டுக்காரர் கொண்டுபோன கயிறும் அதே குழி, அதே அவசரம்.

தோண்டச் சொல்வது யார்? வருடா வருடம் முன்னால் நின்று "புண்ணிய நாள்ல நாறலாமா, தோண்டுங்கடி" என்று விரட்டுவது யார்?

நான்தான்.

அவையோரே, கையைத் தேடினேன், காரணத்தைத் தேடவில்லை. துணியைப் பார்த்தேன், குழியைப் பார்க்கவில்லை. யார் யார் என்று கேட்டுக் கேட்டு ஒரு வருடம் ஓட்டினேன். என்றைக்கு, எதனால் என்று ஒரு நாள் கேட்டிருந்தால் போதும். வருகிற கார்த்திகையில் அந்த நாலு குழியிலும் புதைப்பதை அடுத்த புரட்டாசி வரை எவரும் தொடப் போவதில்லை. நாற்றம் பொறுக்காதவர்கள் கொஞ்சம் தள்ளிக் குளிக்கட்டும். நம் முன்னோர்கள் கோபித்தால் பால்சாமி அங்கே சமாதானம் சொல்லிக்கொள்வார். அவருக்கு என்னைச் சமாளித்த பழக்கம் உண்டு.

பெண்கள் பக்கம், தூணோரம், முக்காட்டை இழுத்துவிட்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள். ரம்ஜான் பீவி, எழுந்திருக்க வேண்டாம், இருந்த இடத்திலேயே கேள். கரை முழுக்கச் சொன்னவள் கரை முழுக்க நின்று கேட்க முடியாது. அதனால் கரையையே இங்கே கூட்டி வைத்துக் கேட்கிறேன். தப்பு என்னுடையது. மன்னித்துக்கொள்.

என்ன சொல்கிறாள்? சத்தமாகச் சொல்லுங்கள் தாய்மாரே. "என் ராட்டுல இப்ப எவ ஒக்காந்திருக்கா, அவளை எந்திரிக்கச் சொல்லு" என்கிறாளா?

எவளும் உட்காரவில்லையடி. நாளைக் காலையில் வா.

பொறுமையாய்க் கேட்ட தலைவருக்கும், வேலியோரத்தில் கால் கடுக்க நின்றவர்களுக்கும், இடையிடையே என்னை வம்புக்கு இழுத்த மீனம்மாளுக்கும் என் நன்றி. கடலுக்குப் போகிறவர்கள் அத்தனை பேரும் கரை வந்து சேருங்கள். வணக்கம்.