இரண்டாவது இழுப்பறை

உங்கள் மேசையின் இழுப்பறை சரியாக மூடவில்லை, சார். நான் வந்து உட்கார்ந்ததிலிருந்து அது துருத்திக்கொண்டுதான் இருக்கிறது. தகரத்தின் மேல் தகரம் உரசுகிறது, அவ்வளவுதான். ஒரு மெழுகுவத்தித் துண்டை ஓரங்களில் தேய்த்துவிட்டால் கொஞ்ச நாளைக்குத் தாங்கும். வேண்டுமானால் நானே தேய்த்துத் தருகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விழுப்புரத்தில் ஒரு பஸ் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனைவி காலமாகிவிட்டாள், பிள்ளைகள் இல்லை. திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஷெட் போட்டு, மிக்சி, ஃபேன், நாற்காலி என்று கைக்கு வந்ததைப் பழுது பார்த்துக்கொண்டு பொழுதைக் கழிக்கிறேன். என் தம்பி ஜெகதீசன் அடுத்த வாசலில் குடியிருந்தான். ஊருக்கு வெளியே மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, பயிர் வைப்பான். அவனும் நானும் சண்டை போட்டதாக ஊரில் யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆனால் ஒரு காலத்தில் அவனால் எனக்குத் தலைவலி இருந்தது உண்மை. என்னுடைய சாமான்கள் அப்போது கோணிப்பையிலும் எண்ணெய் டின்னிலும் கிடந்தன. ஸ்டோரில் ஒரு நட்டு இடம் மாறியிருந்தாலும் கண்டுபிடிக்கிற நான், வீட்டில் ஒரு ஸ்பேனருக்காகக் கோணியைத் தலைகீழாகக் கொட்டுவேன். ஜெகதீசன் வேறு வருவான், கையை விட்டுத் துழாவுவான், எடுத்துக்கொண்டு போவான். வரப்பில் ஒன்று, மாட்டுக்கொட்டகையில் ஒன்று என்று கிடக்கும். கேட்டால், "இன்னாண்ணே, ஓடியா போய்டும்? அங்கதான் எங்கனா கெடக்கும்" என்பான்.

அதற்குத்தான் அந்தப் பீரோவை வாங்கினேன். விழுப்புரத்தில் ஆர்டர் கொடுத்துச் செய்தது. கனமான இரும்பு, பேரிங் வைத்த இழுப்பறைகள், ஒரு விரலால் தள்ளினால் போய் 'டக்' என்று உட்காரும். குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். விக்கிரவாண்டி டோல்கேட் வரைக்கும் தம்பி பின்னால் நின்றபடியே அதைப் பிடித்துக்கொண்டு வந்தான். கீறல் விழக்கூடாது என்று தன் துண்டை எடுத்துக் கயிற்றுக்கு அடியில் கொடுத்தான். இதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஒவ்வொரு இழுப்பறையிலும் கெட்டி ஸ்பாஞ்சு போட்டு, ஒவ்வொரு கருவியின் உருவத்துக்கும் வெட்டினேன். கட்டிங் பிளேயருக்கு ஒரு பள்ளம், டெஸ்டருக்கு ஒரு பள்ளம். எது இல்லை என்பது இழுத்தவுடன் தெரியும். கடைசி இழுப்பறை கண்டம் ஆனவற்றுக்கு. ஸ்டோரில் உபயோகத்துக்கு ஆகாதவற்றைக் கண்டம் என்போம். அவற்றையும் சட்டென்று தூக்கி எறியக்கூடாது, தனியாக வைக்கவேண்டும். கீழே விழுந்து உள்விளக்கு செத்துப்போன ஒரு பழைய டெஸ்டர் அங்கே இருந்தது. கரண்ட்டு இருந்தாலும் எரியாது. பார்வைக்கு நல்லதும் கெட்டதும் ஒன்றுபோலவே இருக்கும், ஒரே கடையில் வாங்கியவை.

நல்ல பெட்டி மனிதனை மாற்றும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஜெகதீசன் மாறினான். எடுத்ததைத் துடைத்துக் கொண்டுவந்து அதே பள்ளத்தில் வைக்க ஆரம்பித்தான். "பாத்தியா, மூடிட்டேன்" என்று சின்னப் பிள்ளை மாதிரி சொல்லிவிட்டுப் போவான். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அவன் பெண்சாதி தையல்நாயகிகூட எது எந்த இழுப்பறை என்று பழகிக்கொண்டாள்.

இன்னொரு பழக்கமும் மாறியது. கோணிப்பைக் காலத்தில் அவன் டெஸ்டரை எடுத்தால், முதலில் ஷெட்டில் இருக்கும் பிளக்கில் குத்தி எரிகிறதா என்று பார்ப்பான். "கோணில கெடக்கறத நம்பி மோட்டார்ல கை வைக்க முடியுமாண்ணே" என்பான். பீரோ வந்த பிறகு அதை விட்டுவிட்டான். ஒருநாள் நானே கேட்டேன், ஏன்டா சோதிக்கவில்லை என்று. "நீ வெச்ச எடத்துல இருந்தா நல்லதாத்தானே இருக்கும்" என்றான். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

ஷெட் இருக்கும் இடம் பாகப்பிரிவினையில் அவன் பங்கில் வந்தது. அதுவரை அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. அவன் மகள் கலைப்பிரியாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை வீட்டோடு வந்து இருக்கப்போகிறார், ரெண்டு ரூம் கட்டவேண்டும் என்றான்.

"ஆடி போவட்டும்ண்ணே, அப்பறம் ஷெட்ட பிரிச்சிடலாம். பீரோவ உன் வராண்டாவுல வெச்சிக்க. நானே ஆளுங்கள இட்டாந்து தூக்கி வெச்சிட்டுப் போறேன்."

மரியாதையாகத்தான் சொன்னான். நான் சரி என்றேன். அவன் போன பிறகு வராண்டாவை அளந்து பார்த்தேன். பீரோ போகும், ஆனால் இழுப்பறையை முழுக்க இழுக்க முடியாது, தூண் இடிக்கும். மறுபடியும் அளந்தேன். இடித்தது. அப்போது எனக்குக் கோபம் வரவில்லை, சார். எதுவுமே வரவில்லை. காது அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

அன்றைக்குக் காலையில்தான், மோட்டார் அடிக்கடி நின்றுபோகிறது என்று அவன் சொன்னதால், அவன் மோட்டார் கொட்டாய்க்குப் போயிருந்தேன். அங்கே மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இறக்கினாலும் உள்ளே ஒரு பிளேடு மட்டும் விடாமல் ஒட்டிக்கொண்டு நின்றது. ஆஃப் ஆன மாதிரி தெரியும், ஒரு லைனில் கரண்ட்டு இருக்கும். என் டெஸ்டரில்தான் கண்டுபிடித்தேன். சாயங்காலம் அவன் வந்ததும் சொல்லவேண்டும் என்று இருந்தேன். அவன் வந்து ஷெட்டைப் பற்றிப் பேசினான். பேச்சு அப்படியே போய்விட்டது.

மறுநாள் காலையில் கண்டம் இழுப்பறையிலிருந்து பழைய டெஸ்டரை எடுத்தேன். இரண்டாவது இழுப்பறையில், நல்ல டெஸ்டரின் பள்ளத்தில் வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. நல்லதை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவனை நான் கூப்பிடவில்லை. மோட்டார் ஓடவில்லை என்று அவனாகத்தான் வந்தான். "ஜல்தியா பாத்துட்டு வர்றேன், பயிரு காயுது" என்று இழுப்பறையைத் திறந்தான். டெஸ்டரையும் பிளேயரையும் எடுத்தான். பிளக் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் அந்தப் பிளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவை குத்திப் பார்த்திருக்கலாம். அவன் இழுப்பறையைத் தள்ளினான். 'டக்' என்றது.

"மெயினை ஆஃப் பண்ணிட்டுக் கை வை" என்றேன்.

"அது தெரியாதாண்ணே" என்று சிரித்துவிட்டுப் போனான்.

பக்கத்து நிலத்துப் பூவரசன்தான் ஓடிவந்தான். "அண்ணே, ஜெகதீசன மோட்டார் கொட்டாயில கரண்ட்டு தூக்கிப் போட்டுடுச்சுண்ணே!" நான் அரத்தைத் துடைத்து அதன் பள்ளத்தில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். லைன் ஆட்கள் கரண்ட்டை நிறுத்திய பிறகு, தூக்கியவர்களில் நானும் ஒருவன். கால் பக்கம் பிடித்தேன். குனிந்தபோது பையிலிருந்து டெஸ்டர் நழுவப் பார்த்தது. ஒரு கையால் உள்ளே தள்ளிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. கீழே கிடந்த டெஸ்டரை உங்கள் ஆட்கள் கவரில் போட்டுக்கொண்டு போனார்கள். மெயினும் ரிப்பேர், டெஸ்டரும் ரிப்பேர், பாவம், நேரம் சரியில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

காரியம் முடிந்ததும் தையல்நாயகி வந்தாள். "ஷெட்டு இருக்கட்டும் மாமா. அவரு கைபட்ட எடம். கல்யாணத்தப் பத்தி அப்பறம் பாத்துக்கலாம்" என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆறுதல் சொன்னேன்.

பிறகு நான் செய்ததைத்தான் நீங்கள் முட்டாள்தனம் என்று நினைப்பீர்கள். இரண்டாவது இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பள்ளம் காலியாக இருந்தது. தூக்கம் வரவில்லை, சோறு இறங்கவில்லை. தம்பி நினைப்பு என்று எல்லோரும் சொன்னார்கள். நல்ல டெஸ்டரை எடுத்து அதன் இடத்தில் வைத்தேன். அன்றைக்குத்தான் தூங்கினேன்.

தையல்நாயகி அவன் போட்டோவை மாட்டச் சுத்தி கேட்டு வந்தாள். மூன்றாவதில் சுத்தியை எடுத்தாள். ஆணி வேண்டுமென்று இரண்டாவதைத் திறந்தாள். டெஸ்டரை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அதன் பிடியின் பின்பக்கம், திருப்பினால்தான் தெரிகிற மாதிரி, நான் சால்டரிங் அயர்னால் போட்ட சூட்டு வடு இருக்கும், அவளுக்குத் தெரியும். அவள் வீட்டு ஃபேனுக்கு அதை வைத்துத்தான் பார்த்திருக்கிறேன்.

"இது இங்கதான் இருக்குதா? அப்ப அவரு எதை மாமா எடுத்துக்கினு போனாரு?"

கண்டம் ஆனதை என்றேன். கேட்டாள், சொன்னேன். என்னிடம் ஒரு பொருளைப் பற்றிக் கேட்டால் சரியான பதில் சொல்லித்தான் பழக்கம். அவள் சுத்தியைத் தரையில் போட்டுவிட்டு வெளியே போனாள். நான் அதை எடுத்துத் துடைத்து அதன் பள்ளத்தில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் உங்கள் ஜீப் வந்தது.

தம்பி மேல் எனக்குப் பாசம் உண்டு, சார். அதை எழுதிக்கொள்ளுங்கள். நான் அவனைத் தொடவில்லை, பிடித்துத் தள்ளவில்லை. மெயினை ஆஃப் பண்ணு என்று என் வாயால் சொல்லித்தான் அனுப்பினேன். என் பேரில் தப்பு இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு பொருளை அதன் இடம் இல்லாத இடத்தில் வைத்தது என் வாழ்நாளிலேயே அந்த ஒரு தடவைதான். அதற்கு நீங்கள் என்ன தண்டனை கொடுத்தாலும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.