கலைஞ்சதா, கலைச்சதா

"அம்புட்டுப் பேர் முன்னால அந்த நர்ஸைக் கூப்பிட்டு, எழுதுனத அடிக்க வச்சீகளே, எதுக்கு மதினி?"

அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ கிளம்பியதும் எனக்கு எதிரே இருந்த இளம்பெண் கேட்டாள். பக்கத்தில் அவளுடைய அண்ணன் மனைவி. ஆறு மாத வயிறு, மடியில் ஸ்கேன் கவர்.

"'முன்னால ஒண்ணு கலைஞ்சது'ன்னு எழுதிருந்துச்சு. அது எங்க கலைஞ்சுச்சு? நான்ல கலைச்சேன்."

"போன தடவை எங்கம்மா சொன்னததான் அந்தப் புள்ள எழுதிருக்கு. ஊருக்கெல்லாம் அம்மா அப்படித்தான சொல்லி வச்சிருக்கு."

"அத்தைக்கு வெக்கமா இருக்கு, சொல்றாக. எனக்கு என்ன வெக்கம்? அப்ப மூத்தவ கைப்பிள்ள, என் ஒடம்புல ரத்தமே இல்ல. நல்லா யோசிச்சு நானா எடுத்த முடிவு."

இளையவள் குரலைத் தாழ்த்தினாள். "இருந்தாலும், அதுவும் ஒரு உசுரு தான மதினி?"

"உசுரு இல்லேன்னு நான் எப்பச் சொன்னேன்? அதனாலதான் சொல்றேன். தானாப் போயிருச்சுன்னு அது மேலயே பழியப் போடச் சொல்றியா?"

மதினி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். பழங்காநத்தத்தில் ஆட்டோ நின்றதும் இருவரும் இறங்கினார்கள்.

அங்கே நானும் இறங்கினேன். இளையவள் போனை எடுத்து, வீட்டில் யாரோ பரீட்சையில் முதலாவதாக வந்ததைச் சொல்வதுபோல் உரக்கச் சொன்னாள்:

"அம்மா, கலைஞ்சிருச்சுன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாத. கேட்டா, எங்க மதினி கலைச்சாகன்னு சொல்லு."