புது பஸ் வேண்டாம் என்றவர்

காலை ஐந்தரை மணி. மார்கழி இருட்டு. மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் போகிற வீதி... இரண்டு பக்கமும் காடு. நடுவில் ஒரு மதகு, அதற்குப் பக்கத்தில் ஒரேயொரு வீடு.

கொஞ்சம் கிட்ட வாருங்கள். டிப்போவுக்குப் புது பஸ் வருகிறது என்றதும், யார் சீனியர், யாருக்கு முதல் பஸ் என்று பின்னேரம் முழுக்க சண்டை பிடித்தீர்களே... பட்டியலில் முதல் பெயராக இருந்தும் இரண்டு தரம் புது பஸ் வேண்டாம் என்ற ஒரு சாரதி இருந்தார். சின்னராசா அண்ணை. அவருடைய பஸ்ஸில் நடத்துநராக இருந்த என் சித்தியின் மகன் நிறோஜன் சொன்ன கதை இது. அவன் புளுகன்தான். ஆனால் இதைச் சொல்லும்போது அழுதான்.

அந்த மதகடி வீடு சின்னராசா அண்ணையின் வீடு. ஒரே மகள் யதுர்ஷிகா, ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் வகுப்புக்குப் போக விடியவே மதகில் வந்து நிற்பாள். அப்பாவின் பழைய பஸ் இரைகிற இரைச்சல் ஒரு கட்டை தூரத்துக்கு அப்பாலேயே கேட்கும். கேட்டதுமே கையைக் காட்டத் தொடங்கிவிடுவாள். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தி ஒரு நாள் பஸ் ஸ்டார்ட் வரவில்லை. இருபது நிமிடம் பிந்திப் போனார். அதற்குள் யானை வந்துவிட்டது...

பாவம் மனிசன். பிள்ளையின் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே வேலைக்கு வந்தார். மதகில் பஸ்ஸை நிறுத்தினார். யாரும் இல்லை... ஆனால் முன்படி 'கிறீச்' என்றது. முகப்பவுடர் மணம். ஈரச் சப்பாத்து மணம். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, கியரைப் போட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படித்தான். அவருக்குப் பின்னால் இருந்த சீற்றில் ஒருவரும் இருப்பதில்லை. எவ்வளவு சனம் என்றாலும் நின்றுகொண்டே போவார்கள்.

புது பஸ் வந்தபோதெல்லாம் இளம் பெடியன்களுக்கு விட்டுக்கொடுத்தார். விசரன் என்றார்கள். நிறோஜனிடம் மட்டும் சொன்னாராம்.

"பிள்ளைக்கு இந்தச் சத்தத்தைத்தான் தெரியுமடா."

போன மார்கழியில் பழைய பஸ்ஸை ஓட்டத்துக்கு உதவாது என்று ஒதுக்கிவிட்டார்கள். மனேச்சரிடம் கெஞ்சிப் பார்த்தார். நடக்கவில்லை. புதுச் சாவியைக் கையில் திணித்து அனுப்பினார்கள்.

முதல் நாள். பஸ் சத்தமில்லாமல் ஓடியது. உள்ளே சீற்றுகளின் புது றெக்சின் மணம் மட்டும். மதகு வந்தது... நிறுத்தினார். கதவு 'உஸ்' என்று திறந்தது. படியில் ஒரு சத்தமும் இல்லை.

வெளியே அவள் நின்றாள். நிறோஜன் முதல் தடவையாகக் கண்டான். வெள்ளைச் சட்டை, கழுத்தில் ரை, முதுகில் பை. பஸ்ஸை அவள் பார்க்கவில்லை. பஸ் வந்த பக்கத்து இருட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சின்னராசா அண்ணை இறங்கி ஓடினார். இப்போது அவருக்குத் தலை முழுக்க நரை, முகத்தில் கண்ணாடி, முன்பல் இரண்டு இல்லை.

"ஏறு பிள்ளை... அப்பா வந்திட்டன்."

கையை நீட்டினார். அவள் ஒரு அடி பின்னால் விலகினாள். முன்பின் தெரியாத ஒருவரோடு பேசுகிற மரியாதையோடு சொன்னாள்.

"நீங்கள் போங்கோ மாமா. அப்பான்ரை பஸ் இப்ப வரும்."