வாசலில் இருந்தவர் பேசாதிருந்தது குறித்து

என் பெயரும் பணி எண்ணும் கோப்பின் முகப்பில் உள்ளபடி சரியானவை. வயது இருபத்தாறு. திருமணம் ஆகவில்லை. கரையில் இருக்கும்போது துறைமுகச் சாலைப் பணியாளர் விடுதியில் மூன்றாம் மாடியிலும், கடலில் இருக்கும்போது விமானம் தாங்கிக் கப்பலில் பெண்களுக்கான அறையிலும் தங்குகிறேன். அந்தக் கப்பலின் மீட்பு ஹெலிகாப்டரில், திறந்த வாசலில் இருந்து வடத்தால் ஆட்களை இறக்கி ஏற்றும் வாசல் பணியாளராக இருக்கிறேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் இதைச் சொல்கிறேன்.

போர் விமானங்கள் தளத்திலிருந்து எழும்பும்போதும் திரும்பி இறங்கும்போதும் எங்கள் ஹெலிகாப்டர் கப்பலுக்குப் பக்கவாட்டில் பறந்துகொண்டிருக்கும். ஏதாவது விமானம் கடலில் விழுந்தால் விமானியைத் தூக்கி வருவது எங்கள் வேலை. இந்த ஹெலிகாப்டர் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் நீர்மூழ்கிகளைத் தேடியது. தேடும் கருவியைக் கழற்றியபின் தரையில் போல்ட் துளைகள் மட்டும் மிஞ்சின. அவற்றின் மேல்தான் நான் முழங்காலிட்டு வேலை செய்வேன். பிறகு சில வருடங்கள் தபாலும் உதிரிகளும் சுமந்துவிட்டு மீட்புக்கு வந்தது. இதே வகையில் இன்னொன்று கீழ்த்தளத்தில் நிற்கிறது. அதன் பாகங்களில் பாதி எங்களுடையதில் ஓடுவதால் அது பறப்பதில்லை.

எங்கள் ஹெலிகாப்டருக்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தோம். கியர்பாக்ஸ் எண்ணெயில் இரும்புத் துகள் சேர்ந்தால் விமானியின் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் உடனே இறங்கிவிட வேண்டும். எங்களுடையதில் ஒன்றுமில்லாததற்கெல்லாம் அது எரிந்துகொண்டிருந்தது.

ஹெலிகாப்டரின் அடியில் நடப்பது ஓட்டுபவருக்குத் தெரியாது. வாசலில் இருப்பவர் பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் நகர்த்துவார். அதனால் நான் ஓயாமல் பேச வேண்டும். பேச்சு நின்றால் அதற்கும் எங்களிடையே ஒரு பொருள் உண்டு. வடத்தில் தொங்குபவர் ஹெலிகாப்டரின் உடலருகே ஆபத்தான இடத்தில் இருக்கிறார், என் இரண்டு கைகளும் அவரிடம் இருக்கின்றன, நான் மறுபடி பேசும்வரை யாரும் அசையக்கூடாது, எதையும் தொடக்கூடாது என்பது அந்தப் பொருள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. எங்கள் ஹெலிகாப்டரில் பறந்தவர்கள் எல்லோரும் கைக்கொண்ட வழக்கம்.

சம்பவ தினம் பிற்பகலில் ஒரு போர் விமானம் தளத்தின் முனையைத் தாண்டியதும் கடலில் விழுந்தது. விமானி பாராசூட்டில் வெளியேறித் தண்ணீரில் இறங்கினார். நாங்கள் அவருக்கு மேலே போய் நின்றோம். அதன்பிறகு மீட்பு நீச்சல்காரரை நான் வடத்தில் இறக்கினேன். எதிலிருந்தும் வழுக்கி வந்துவிடுவார் என்பதால் அவரைச் சோப்பு அண்ணன் என்போம். அவர் விமானியைப் பிடித்துத் தன்னோடு சேர்த்து வடத்தில் மாட்டினார். ஆனால் விமானியின் பாராசூட் தண்ணீர் நிறைந்து இருவரையும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. அதன் கயிறுகள் சோப்பு அண்ணனின் காலில் சுற்றியிருந்தன. அவர் கத்தியால் அறுக்கத் தொடங்கினார். நான் "நில்லுங்க சார், அப்படியே நில்லுங்க" என்றேன்.

அப்போது விளக்கு எரிந்தது. ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் இருந்த எங்கள் இளைய விமானி வழக்கம்போல், "மாமியார் கண்ணை உருட்டுறாங்க சார்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. எண்ணெய் கருகும் வாடை பின்னால் வரை வந்தது. முழங்காலுக்கு அடியில் தரை நான் அறியாத விதத்தில் அதிர்ந்தது.

ஹெலிகாப்டரை ஓட்டிய கேப்டன், "வாசல், மேல தூக்கு. முடியலைன்னா வடத்தை வெட்டு. நாம விழுந்தா அவங்க தலைமேலதான் விழுவோம்" என்றார். அந்த உத்தரவு சரியானது. அப்படியே பதிய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தூக்கினால் கால் போகும் அல்லது வடம் அறும். வெட்டினால் பாராசூட் இருவரையும் கீழே கொண்டுபோகும். சோப்பு அண்ணன் நிமிர்ந்து எங்கள் ஹெலிகாப்டரிலிருந்து வந்த புகையைப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி உள்ளங்கை ஓரத்தால் காற்றை வெட்டிக் காட்டினார். வெட்டிவிடு என்பதற்கான சைகை அது. வடத்தை வெட்டும் பொத்தானின் மூடியை நான் திறந்திருந்தேன். கட்டைவிரல் அதன்மேல் இருந்தது.

அதன்பிறகு நான் பேசவில்லை.

கேப்டன் ஒருமுறை, "ஆள் எங்க?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. வடத்தை வெட்ட அவரிடமும் ஒரு பொத்தான் உண்டு. வழக்கப்படி அவர் அதிலிருந்து விரலை எடுத்துவிட்டு ஹெலிகாப்டரை அசையாமல் பிடித்துக்கொண்டார். இளைய விமானி எண்ணெய் அழுத்தம் இறங்குவதை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் நிறுத்திவிட்டார். வடம் வெட்டப்படவில்லை என்று கண்ட சோப்பு அண்ணன் கத்தியோடு தண்ணீருக்கடியில் போனார். எவ்வளவு நேரம் என்று விசாரணை அதிகாரி கேட்கிறார். எனக்குத் தெரியாது. அவ்வளவு நேரமும் கீழே ஒரு தலைதான் தெரிந்தது.

அதன்பிறகு இரண்டு தலைகள் தெரிந்தன. பாராசூட் தனியே விலகிப் போனது. நான் "சுத்தம் சார், ஏறுது" என்றேன். இருவரையும் உள்ளே இழுத்ததும் கப்பலுக்குத் திரும்பித் தளத்தில் இறங்கினோம். மெக்கானிக் கியர்பாக்ஸில் துகள்களைப் பிடிக்கும் காந்தத்தைக் கழற்றி வெள்ளைத் துணியில் துடைத்தார். வெட்டிய நகங்களைப் போல இரும்புச் சில்லுகள் துணியில் கிடந்தன. அவர் துணியை மடித்துக்கொண்டு எங்களைத் தலை எண்ணுவதுபோல ஒவ்வொருவராகப் பார்த்தார்.

சோப்பு அண்ணன் என்னிடம், "வெட்டுன்னு காட்டினேன்ல தங்கச்சி, கண்ணு தெரியலையா?" என்றார். "தெரிஞ்சுது அண்ணே" என்றேன். அவர் விரல்களுக்குக் காலணியின் முடிச்சு பிடிபடாததால் நான்தான் அவிழ்த்துவிட்டேன்.

பயத்தில் வாய் அடைத்துவிட்டது என்று எழுதிக்கொள்ளலாமா என அதிகாரி கேட்டார். எல்லோருக்கும் அது சௌகரியம் என்பது புரிகிறது. பயந்தது உண்மை. விளக்கு எரிந்தது முதல் சக்கரம் தளத்தைத் தொடும்வரை பயந்தேன். இப்போதும் அறையில் மின்விசிறி நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். ஆனால் அப்போது எனக்குக் குரல் இருந்தது. பேசாமல் இருந்தால் கேப்டன் அசையமாட்டார் என்று தெரிந்தே பேசாமல் இருந்தேன். சோப்பு அண்ணன் ஹெலிகாப்டருக்குப் பக்கத்தில் தொங்கவில்லை. எல்லோருடைய உயிரையும் கேட்காமல் பந்தயம் வைத்தேன்.

கேப்டன் என்னைத் திட்டவில்லை. மறுநாள் நடைவழியில் நிறுத்தி, "நேத்து ஆள் பக்கத்துல இல்ல, அப்படித்தானே?" என்றார். "ஆமா சார்" என்றேன். "அப்ப இனிமே நீ பேசாம இருந்தா நான் எதை நம்பறது?" என்றார். வாசல் வேலையில் என்னை வைத்திருப்பதா என்று முடிவெடுப்பவர்கள் அந்தக் கேள்வியையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் சொன்னவற்றை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். "பேச முடியவில்லை" என்றிருந்ததை அடித்து "பேசவில்லை" என்று மாற்றச் சொன்னேன். திருத்திய இடத்திலும் கையெழுத்திட்டிருக்கிறேன். மற்றவையும் நான் அறிந்தவரை உண்மை.

(ஒப்பம்)
வாசல் பணியாளர், மீட்பு ஹெலிகாப்டர்