வரி எண் சொல்லாத பிழை

புரோகிராமில் வரி முடிவில் போடும் செமிகோலன் விட்டுப்போவது பெரிய விஷயமே இல்லை, மச்சான். இருபது வருஷமாக புரோகிராம் எழுதும் எனக்கே விட்டுப்போகும். உங்கள் தங்கை ஏன் இப்படி ஆகிவிட்டாள் என்று கேட்டீர்கள். அதை அங்கிருந்துதான் சொல்ல வேண்டும்.

மகள் விடுதிக்குப் போன பிறகு எங்களுக்குள் பேச்சு என்று ஒன்றும் இல்லை. "சாப்பாடு எடுத்து வைக்கவா?" "ம்." அவ்வளவுதான். அப்போதுதான் உங்கள் தங்கை புரோகிராம் எழுதக் கற்றுத்தரும் ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தாள். முதல் வாரம் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்களேன். என்னமோ கத்துது இது."

நாற்காலியை இழுத்துப் போட்டு, தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்து எத்தனை வருஷம் ஆகியிருந்தது, தெரியுமா?

மூன்றே மாதத்தில் தேறிவிட்டாள். எந்த வரியில் பிழை என்று, எழுதியதைச் சோதித்து மாற்றும் கம்பைலரே எண்ணோடு சொல்லிவிடும். அவளே போய்ச் சரிசெய்துகொண்டாள். என்னைக் கூப்பிடுவது நின்றது. வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் ஒரு செமிகோலனை அழித்தேன். கூப்பிட்டாள். அடுத்த தடவை தானே கண்டுபிடித்துவிட்டாள். கெட்டிக்காரி, நான் மறுத்ததே இல்லை.

அதனால் லிங்க்கருக்குப் போனேன். தனித்தனிக் கோப்புகளை ஒன்றாகச் சேர்ப்பது அதன் வேலை. சேர்க்க வேண்டிய பட்டியலில் ஒரு கோப்பின் பெயரை எடுத்துவிட்டால், 'இந்தப் பகுதி எங்கேயும் இல்லை' என்று மட்டும் சொல்லும். எந்த வரி என்று சொல்லாது. புதிதாகப் படிக்கிறவர்கள் தாங்கள் எழுதியதையே திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள், பட்டியலைத் திறக்க மாட்டார்கள். அவளும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுவாள். பிறகு கூப்பிடுவாள். நான் ஏதோ தட்டுவதுபோலத் தட்டி, பெயரைத் திரும்பப் போட்டுவிடுவேன்.

"உங்களுக்குத்தாங்க கைராசி" என்பாள்.

அந்த வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கடைசிப் பயிற்சியை அனுப்பினால், வகுப்பு நடத்தும் கம்பெனியிலேயே அவளுக்கு வேலை உறுதி. காலையில் பட்டியலிலிருந்து ஒரு பெயரை எடுத்தேன். கூப்பிட்டால் இரண்டு நிமிஷ வேலை. சமையலறையில் நின்று காத்திருந்தேன். பத்தரை ஆயிற்று. பதினொன்றே முக்கால் ஆயிற்று. கூப்பிடவில்லை. பன்னிரண்டேகாலுக்கு வெளியே வந்தாள், முகம் வீங்கியிருந்தது.

"இன்னிக்கும் உங்களக் கூப்பிட்டா, அப்புறம் எனக்கு எதுக்குங்க அந்த வேலை? இதெல்லாம் என் மண்டையில ஏறாது. விடுங்க."

அன்று சாயங்காலம் பெயரைத் திரும்பச் சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். அருமையாக ஓடியது. அவள் எழுதியதில் ஒரு பிழைகூட இல்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

இப்போது அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை போய்ப் பார்க்கிறாள். கதவைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வெடிக்கிறது, மச்சான்.

அன்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போதும், ஓடிப் போயிருப்பேன். கூப்பிடாதது அவள் தப்பு. அதை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.